பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்குத் தெரிவாதல்: தீவகத்துப் புவியியல் ஆசிரியை ஒருவரின் பட்டறிவு

யாழ்ப்பாணத்தில் பட்டதாரி ஒருவர் தகைமை பெற்ற இடைநிலை ஆசிரியராவதற்கு இரண்டு வாயில்களைக் கடக்க வேண்டியுள்ளது. ஒன்று நியமனம், மற்றையது தொழிற்பயிற்சி. நம்மில் பெரும்பாலோர் முதலாவதைப் பெறுவதற்கே பல ஆண்டுகளைச் செலவிடுகிறோம். 2017ஆம் ஆண்டு யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக் கணக்கில் அமர்ந்திருந்ததைக் கண்டவர்களுக்கு, நியமனக் கடிதம் கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்ற நினைப்பு ஏன் எழுகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கடிதத்தைப் பெற்று வகுப்பறைக்குள் நுழைபவர், கற்பிப்பதற்கென எந்தப் பயிற்சியும் பெறாமலேயே நுழைகிறார். முதலில் நாற்பது பிள்ளைகளின் முன் நிறுத்திவிட்டு, கற்பிப்பது எப்படி என்பதைப் பிறகு சொல்லித் தருகின்ற இந்த ஒழுங்கு சரியானதா என்பது வேறு விவாதம். ஒழுங்கு அப்படித்தான் இருக்கிறது என்பதால், அதற்குள் இருந்துகொண்டு இரண்டாவது வாயிலை எவ்வாறு கடப்பது என்பதையே இங்கு எழுத விரும்புகிறேன்.

அந்த இரண்டாவது வாயில்தான் பட்டப்பின் கல்வி டிப்ளோமா. இதனையும் கோப்பாயில் உள்ள இரு நிறுவனங்களின் பயிற்சிகளையும் குழப்பிக்கொள்வோர் இன்னும் உள்ளனர். கோப்பாய் ஆசிரியர் கலாசாலை, ஏற்கெனவே சேவையில் உள்ள, பட்டதாரிகள் அல்லாத ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கும் இடம். யாழ்ப்பாணம் தேசிய கல்வியியற் கல்லூரி, உயர்தரப் பெறுபேற்றின் அடிப்படையில் தெரிவாகும் இளையோருக்கு, பாடசாலையில் செய்யும் கட்டுறுபயிலும் சேர்ந்த மூன்றாண்டுப் பயிற்சியை அளிக்கிறது. பட்டதாரிக்கு உரியது இவ்விரண்டும் அல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தின் கல்வியியல் துறை, கொக்குவிலில் பிராந்திய நிலையத்தைக் கொண்டுள்ள இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், மகரகமவில் அமைந்துள்ள தேசிய கல்வி நிறுவகம் ஆகியனவே நமது பக்கத்து ஆசிரியர்கள் பெரும்பாலும் நாடுகின்ற இடங்கள். கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களிலும் இக்கற்கைநெறி உண்டு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பட்டப்பின் டிப்ளோமா எட்டாம் மட்டத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஆசிரியர் சேவையில் தரவுயர்வுக்கும், பின்னாளில் கல்வி முதுமாணிக்கு விண்ணப்பிப்பதற்கும் இத்தகைமை கணக்கிலெடுக்கப்படுகிறது. இந்த நன்மைகளை எல்லோரும் அறிவார்கள் என்பதால் அவற்றை விரித்து எழுதவில்லை.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியலைச் சிறப்புப் பாடமாகக் கற்றவள். பட்டம் பெற்ற பிறகு, நியமனம் வரும்வரை திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் ரியூட்டரிகளில், அதாவது தனியார் கல்வி நிலையங்களில், உயர்தர மாணவருக்குப் படிப்பித்தேன். பின்னர், யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள தீவுகளின் பாடசாலைகள் அடங்கிய தீவகக் கல்வி வலயத்தில் ஒரு சிறிய பாடசாலைக்கு நியமிக்கப்பட்டேன். காலையில் பண்ணைப் பாலத்தைக் கடந்து செல்லும் பேருந்தில் பாதிப் பேர் ஆசிரியர்களாகவே இருப்போம். அந்தப் பயணத்தில் நிகழும் உரையாடல்களில் இடமாற்றத்துக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்படுவது இந்த டிப்ளோமாதான். யார் விண்ணப்பித்தார், யாருக்கு விடுமுறை கிடைக்கவில்லை, யாருடைய கோவை (ஆவணக் கோப்பு) எந்த மேசையில் நிற்கிறது என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். அவற்றில் சரியானவையும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முந்திய விதிகளை இன்றைய விதிகளாகச் சொல்பவையும் உண்டு. ஆகவே எனது முதல் பரிந்துரை மிகச் சாதாரணமானது: அந்தந்த ஆண்டின் விளம்பரத்தையும் அறிவுறுத்தல் கையேட்டையும் முழுவதும் வாசியுங்கள். அனுமதித் தகைமை, சேவைக்காலம், பாடப்பிரிவு, மொழிமூலம் முதலியவை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதோடு, ஒரே நிறுவனத்திலும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. போன ஆண்டு தெரிவான அக்கா ஒருவர் சொன்னதை நம்பி இந்த ஆண்டின் படிவத்தை நிரப்புவது ஆபத்தானது.

அடுத்தது கோவை. ஆசிரியர்களாகிய நாம் பிள்ளைகளின் பதிவேடுகளை ஒழுங்காக வைத்திருப்போம். நமது ஆவணங்களை ஒரு பழைய பொலித்தீன் பையில் போட்டு அலுமாரியின் மேல் தட்டில் வைத்திருப்போம். விண்ணப்பத்துக்கு வழமையாக வேண்டப்படுபவை பட்டச் சான்றிதழ், பல்கலைக்கழகத்தின் பெறுபேற்று விபரம், பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, நியமனக் கடிதம், கடமையேற்ற கடிதம், நியமனம் உறுதிப்படுத்தப்பட்டிருந்தால் அதற்கான கடிதம் ஆகியவை. இவற்றில் பெயர்தான் பெருந்தொல்லை. நமது ஊரில் தகப்பனின் பெயர் முன்னெழுத்தாக வருவதும், ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொரு விதமாக அமைவதும், திருமணத்தின் பின் சிலர் கணவரின் பெயரைச் சேர்த்துக்கொள்வதும் வழக்கம். பிறப்புச் சான்றிதழில் ஒரு வகையாகவும் பட்டச் சான்றிதழில் இன்னொரு வகையாகவும் பெயர் இருந்தால், சமாதான நீதவான் ஒருவரின் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்து, அதனை முன்கூட்டியே கோவையில் வைத்திருப்பது நல்லது. இடம்பெயர்வுகளின்போது மூல ஆவணங்களைத் தொலைத்த குடும்பங்கள் வடக்கில் ஏராளம். அவ்வாறானவர்கள் பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதியை, விளம்பரம் வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே எடுத்துவைக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெறுபேற்று விபரத்துக்கும் இதே விதிதான். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முந்திய வாரத்தில் பதிவாளர் கிளையின் வாசலில் நிற்கின்ற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

விண்ணப்பம் அதிபரூடாகவும் வலயக் கல்விப் பணிமனையூடாகவும் செல்ல வேண்டியிருப்பின், ஒவ்வொரு மேசையிலும் அது சில நாட்கள் தங்கும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நிறுவனம் அனுமதித்தால், முற்பிரதி ஒன்றைப் பதிவுத் தபாலில் நேரடியாக அனுப்பிவிட்டு, உரிய வழியாகச் செல்லும் பிரதியைப் பின்தொடரலாம். தபால் பற்றுச்சீட்டையும் வங்கிப் பற்றுச்சீட்டையும் போட்டோப் பிரதி எடுத்து வைத்திருங்கள். சில பற்றுச்சீட்டுகளின் மை சில மாதங்களில் மங்கிவிடும். எனது விண்ணப்பம் ஓர் அலுவலகத்தில் வேறொரு கோவைக்குள் சென்று சேர்ந்துவிட்டது. முற்பிரதியும் பற்றுச்சீட்டும் கையில் இருந்ததனால், அதைப் பற்றி எவரோடும் சண்டை பிடிக்க வேண்டிய தேவை எனக்கு ஏற்படவில்லை.

முழுநேரமா, பகுதிநேரமா என்ற கேள்வி ஆவணங்களைவிடக் கனமானது. முழுநேரமாகக் கற்பதற்குக் கற்கை விடுமுறை வேண்டும். விடுமுறை பெறுபவர் குறித்த காலத்துக்குச் சேவையில் இருப்பதாக ஒப்பந்தம் எழுத வேண்டியிருக்கும். பகுதிநேரக் கற்கை வார இறுதிகளிலும் பாடசாலை விடுமுறைகளிலும் நடக்கும். சம்பளத்துக்கும் பாடசாலைக்கும் இடையூறு குறைவு, வீட்டுக்கு இடையூறு அதிகம். பெண் ஆசிரியர்களைப் பொறுத்தவரை வார இறுதி என்பது ஓய்வுநாளாக ஒருபோதும் இருந்ததில்லை என்பதால், அந்த இரண்டு நாட்களின் வேலையை வீட்டில் யார் எடுத்துக்கொள்வது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். கட்டணத்துக்காக, அரச ஊழியருக்கான இடர்கடனை எடுப்பவர்கள், அதன் மாதாந்தக் கழிவு எவ்வளவு காலம் தொடரும் என்பதையும் பார்க்க வேண்டும்.

நான் முதலில் முழுநேரக் கற்கையையே விரும்பினேன். அதிபரிடம் சென்று கேட்டபோது அவர் மறுக்கவில்லை, ஆனால், "ரீச்சர், நீங்கள் போனால் சரித்திரம் ஆர் படிப்பிக்கிறது?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. சிறிய பாடசாலையில் ஒருவர் விடுமுறையில் சென்றால் பதில் ஆசிரியர் வருவது அரிது. வருவதற்குள் ஒரு தவணை கழிந்துவிடும். ஆனால் அதே கேள்விதான், எனது விண்ணப்பத்தில் இருந்த உண்மையான சிக்கலையும் எனக்குக் காட்டியது. நான் புவியியல் பட்டதாரி. எனது நியமனப் பாடம் புவியியல். நேரசூசியில் எனக்கு இருந்தவற்றில் பெரும்பாலானவை வரலாற்றுப் பாடவேளைகள்.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தெரிவாகும் வாய்ப்பையும் பின்னர் பயிற்சியை முடிக்கும் வாய்ப்பையும் தீர்மானிப்பது இதுதான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். க.பொ.த சாதாரண தரத்தில் வரலாறு கட்டாயப் பாடம்; புவியியலோ தெரிவுப் பாடத் தொகுதியில் உள்ளது. மாணவர் தொகை குறைந்த பாடசாலைகளில் தெரிவுப் பாடத்துக்குச் சேரும் பிள்ளைகள் மிகச் சிலராகவே இருப்பர், சில ஆண்டுகளில் ஒருவரும் இருக்கமாட்டார். எனவே புவியியல் ஆசிரியரிடம் வரலாறும், ஆளில்லாத இடத்தில் சுகாதாரமும் குடியியற் கல்வியும் கொடுக்கப்படும். இதில் அதிபரைக் குறைகூற ஒன்றுமில்லை. எல்லாச் சிறிய பாடசாலைகளின் நிலையும் இதுவே. ஆனால் கல்வி டிப்ளோமாவில் ஒவ்வொருவரும் தமக்குரிய பாடத்தின் கற்பித்தல் முறையியலைத் தெரிவுசெய்து கற்க வேண்டும். கற்பித்தற் பயிற்சிக் காலத்தில் அந்தப் பாடத்தைப் படிப்பிக்கும்போதுதான் விரிவுரையாளர் பின் வரிசையில் இருந்து மேற்பார்வை செய்வார். வகுப்பே இல்லாத பாடத்துக்கு எவ்வாறு பயிற்சி செய்வது? ஆகவே விண்ணப்பத்தில் பாடத்தை எழுதும் முன்னர் மூன்று தாள்களை அருகருகே வைத்துப் பாருங்கள்: பட்டத்தின் பெறுபேற்று விபரம், நியமனக் கடிதம், நடப்பு நேரசூசி. மூன்றும் ஒரே பாடத்தைச் சொன்னால் கவலையில்லை. சொல்லவில்லையெனில், அடுத்த ஆண்டு நேரசூசி தயாரிக்கப்படும் முன்பே, அதாவது மூன்றாம் தவணையின் நடுப்பகுதியிலேயே, அதிபரோடும் பிரதி அதிபரோடும் பேச வேண்டும். ஜனவரியில் பேசிப் பயனில்லை.

நான் பேசியபோது ஒரு மாற்றுத் திட்டத்தையும் கொண்டுசென்றேன். தரம் 6 முதல் 9 வரையான வகுப்புகளின் புவியியல் பாடவேளைகளை என்னிடம் தருவதென்றும், பதிலுக்குத் தரம் 10, 11 வரலாற்றை நான் தொடர்ந்து எடுப்பதென்றும், கற்கையைப் பகுதிநேரமாக மேற்கொள்வதென்றும் எழுதிக் கொடுத்தேன். வெறுமனே வேண்டுகோளாகச் செல்வதைவிட நிரப்பிய நேரசூசி மாதிரியோடு செல்வது அதிபருக்கும் இலகு. அவரும் தமது மேலதிகாரிக்குக் காரணம் சொல்ல வேண்டியவர்தானே. அவர் ஒப்புக்கொண்டார். சிபாரிசுக் கடிதத்தில் நான் எந்த வகுப்புக்கு என்ன பாடம் கற்பிக்கிறேன் என்பதையும் அவர் குறிப்பிட்டிருந்தார். நேர்முகத் தேர்வில் முதலில் வாசிக்கப்பட்டது அந்த வரிதான்.

நான் விண்ணப்பித்த ஆண்டில், விண்ணப்பித்த இடத்தில் எழுத்துப் பரீட்சையும் அதன்பின் நேர்முகத் தேர்வும் இருந்தன. எழுத்துப் பரீட்சை மொழித்திறன், பொதுஅறிவு, கல்வி தொடர்பான விடயங்கள் ஆகியவற்றைச் சோதித்தது. ரியூட்டரிகளில் இதற்கெனக் கைந்நூல்கள் விற்கப்படுகின்றன. அவற்றில் ஆண்டுகளும் பெயர்களும் பட்டியலாக உள்ளன. ஆண்டுகளை மனனஞ்செய்வது தவறல்ல. ஆனால் கட்டுரை வினாக்கள் அந்த ஆண்டுகளால் நமது பாடசாலைகளில் என்ன நிகழ்ந்தது என்பதையே கேட்கின்றன. நான் படித்த முறையைச் சொல்கிறேன். ஒவ்வொரு சட்டத்துக்கும் அறிக்கைக்கும் எதிரே, எனது பாடசாலையில் அதன் தடயம் எங்கே இருக்கிறது என்பதை எழுதினேன். அன்றைய கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கையும் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், கட்டணம் செலுத்தாமல் நான் பல்கலைக்கழகம்வரை வந்ததில் இருக்கின்றன. 1985இன் தேசிய கல்வி நிறுவகச் சட்டம், நான் கையில் வைத்திருக்கும் ஆசிரியர் வழிகாட்டியில் இருக்கிறது. 1994இல் உருவான இலங்கை ஆசிரியர் சேவை எனது நியமனக் கடிதத்தின் தலைப்பில் இருக்கிறது. 5 முதல் 14 வயதுவரை பாடசாலை செல்வதைக் கட்டாயமாக்கிய 1997ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியும், 2016இல் அந்த மேல்வயது 16 ஆக உயர்த்தப்பட்டமையும், மீன்பிடிப் பருவத்தில் வரவு இடாப்பில் தொடர்ந்து விழும் சிவப்புக் கோடுகளுக்கு எதிரே எழுத வேண்டியவை. 2007ஆம் ஆண்டுமுதல் வந்த தேர்ச்சி மையக் கலைத்திட்டம், அன்றாடம் எழுதும் பாடக்குறிப்பிலேயே இருக்கிறது. இப்படிப் படித்தால் நினைவிலும் நிற்கும். கட்டுரை எழுதும்போது உதாரணத்துக்கு அலையவும் வேண்டியதில்லை.

மொழித்திறன் பகுதியை நமது பட்டதாரிகள் அலட்சியப்படுத்துவதைக் கண்டிருக்கிறேன். தமிழ்மூலம் படித்தோம், தமிழில் எழுதுவதற்கு என்ன தயாரிப்பு வேண்டும் என்ற எண்ணம் அது. ஒரு பந்தியைச் சுருக்கி எழுதுவதும், ஒரு கருத்துக்கு ஆதரவாகவும் எதிராகவும் ஒழுங்குபட வாதிடுவதும் பழக்கத்தால் வருபவை. வார இறுதிப் பத்திரிகைகளில் வரும் கல்விக் கட்டுரை ஒன்றை எடுத்து மூன்றிலொன்றாகச் சுருக்கி எழுதிப் பாருங்கள். எங்கே திணறுகிறோம் என்பது முதல் நாளே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் வாசித்து விளங்கும் ஆற்றலையும் கூடவே வளர்த்துக்கொள்வது பயிற்சிக் காலத்தில் உதவும், ஏனெனில் கல்வி உளவியலிலும் மதிப்பீட்டிலும் பல மூலநூல்கள் தமிழில் இல்லை.

இனி நேர்முகத் தேர்வு. இதைப் பற்றிப் பேருந்தில் சொல்லப்பட்ட கதைகள் யாவும் உடை, வணக்கம் சொல்லும் விதம், "ஏன் ஆசிரியத் தொழிலைத் தெரிந்தீர்கள்" என்ற கேள்விக்கான பதில் ஆகியவற்றைச் சுற்றியே இருந்தன. தெரிவுக் குழுவினர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை. அண்மையில் படிப்பித்த ஒரு பாடத்தை எடுத்துச் சொல்லுங்கள் என்றார்கள். நான் ஆறுகள் பற்றிய பாடத்தைச் சொன்னேன்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழைக்கு வலிகாமத்தினூடாக ஓடி அராலியருகே கடல்நீரேரியில் சேரும் வழுக்கையாறு ஒன்றுதான் ஆறு என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. தீவுகளில் அதுவும் இல்லை. எனது வகுப்பில் இருந்த பிள்ளைகளில் பலர் வன்னிக்கு அப்பால் பயணஞ்செய்யாதவர்கள். மகாவலியின் நீளம் 335 கிலோமீற்றர் என்று அவர்களால் ஒப்புவிக்க முடிந்தது. அரிப்பு, காவுகை, படிவு என்ற சொற்களையும் ஒப்புவிக்க முடிந்தது. ஆனால் ஒரு சிறுமி, "ரீச்சர், ஆத்துத் தண்ணி உப்பா, நல்ல தண்ணியா?" என்று கேட்டாள். தீவுப் பிள்ளைக்கு அது மிக இயல்பான கேள்வி. அவள் அறிந்த நீர்ப்பரப்பு கடல். அவள் வீட்டுக் கிணறு கோடையில் உவராகிவிடும். குடிநீர் பவுசர் வண்டியில் வரும். அந்தக் கேள்வியைக் குறித்துவைத்துக்கொண்டு, ஐப்பசி மழை பெய்த மறுநாள் வகுப்பை முற்றத்துக்கு அழைத்துச் சென்றேன். கூரைத் தாழ்வாரத்திலிருந்து விழுந்த நீர் மணல் முற்றத்தைக் குறுக்கறுத்து, மதிலடிவரை வளைந்து ஓடிய தடம் அங்கே இருந்தது. மேட்டில் தடம் ஒடுக்கமாகவும் ஆழமாகவும் இருந்ததையும், வளைவின் வெளிப்பக்கம் அரிக்கப்பட்டு உட்பக்கம் மணல் ஒதுங்கியிருந்ததையும், மதிலடியில் மென்மணல் விசிறிபோல் பரவியிருந்ததையும் பிள்ளைகளே கண்டு சொன்னார்கள். நாடாவால் அளந்து, வரைபுத்தாளில் அளவுத்திட்டத்துக்கு வரைந்தார்கள். அரிப்பு, காவுகை, படிவு என்ற சொற்களை அதன்பிறகே கரும்பலகையில் எழுதினேன். நமது மண்ணில் ஏன் ஆறில்லை என்ற கேள்வி தானாக எழுந்தது. அதிலிருந்து சுண்ணக்கல்லுக்கும், நிலாவரைக் கிணற்றுக்கும், கீரிமலைக் கேணிக்கும், கிணற்று நீர் உவராவதற்கும் அடுத்த பாடம் சென்றது.

குழுவில் இருந்தவர்கள் இதைப் பாராட்டவோ மறுக்கவோ இல்லை. பிள்ளைகள் விளங்கிக்கொண்டார்கள் என்பதற்கு உங்களிடம் என்ன சான்று இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். வரைபுத்தாள்களில் சிலவற்றைக் கொண்டுசென்றிருந்தேன். பாடத்துக்கு முன்னர் கேட்ட வினாக்களுக்கு அவர்கள் எழுதிய விடைகளையும், அதே வினாக்களுக்கு ஒரு வாரத்தின் பின் எழுதிய விடைகளையும் கொண்டுசென்றிருந்தேன். விளங்காத பிள்ளைகளுக்கு என்ன செய்தீர்கள் என்பது அடுத்த கேள்வி. மழைநாளில் வராத பிள்ளைகளுக்கு, சிரட்டையால் நீரூற்றி அதே ஓட்டத்தை மணல் தட்டில் செய்து காட்டியதையும், அளவுத்திட்டத்தில் திணறியவர்களைக் கணித ஆசிரியரோடு சேர்ந்து கவனித்ததையும், அதன்பிறகும் ஒருசிலருக்கு அது பிடிபடவில்லை என்பதையும் சொன்னேன். பிடிபடாதவர்களைப் பற்றித்தான் அவர்கள் அதிக நேரம் கேட்டார்கள். வெற்றி பெற்ற பாடம் ஒன்றை மட்டும் அழகாகத் தயாரித்துச் செல்பவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள் என்று நினைக்கிறேன், ஏனெனில் குழுவினர் அறிய விரும்புவது நாம் எவ்வளவு கெட்டித்தனமாகப் படிப்பிக்கிறோம் என்பதை அல்ல. படிப்பித்ததன்பின் பிள்ளையின் கொப்பியைப் பார்க்கிறோமா என்பதை.

அந்தச் சான்றுகள் நேர்முகத் தேர்வுக்கென ஓர் இரவில் தயாரிக்கப்பட்டவை அல்ல. நியமனம் பெற்ற காலத்திலிருந்தே சீ.ஆர். கொப்பி ஒன்றில், அதிபரின் ஒப்பத்துக்காக எழுதும் பாடக்குறிப்புக்கு வேறாக, எனக்கென்று சில வரிகள் எழுதி வந்தேன். பாடத்தின் பெயர், பிள்ளைகள் கேட்ட கேள்வி, எந்த இடத்தில் வகுப்பு குழம்பியது, மறுமுறை எதை மாற்ற வேண்டும் ஆகியவை மட்டும். பேருந்திலேயே எழுதிவிடலாம். இடைக்கிடையே பிள்ளைகளின் வேலைகளில் நல்லதொன்றையும் நலிவானதொன்றையும் படமெடுத்து அல்லது பிரதியெடுத்து, பெயரை மறைத்து, அதனோடு ஒட்டிவைத்தேன். ரியூட்டரியில் படிப்பித்த காலத்தில் இந்தப் பழக்கம் எனக்கு இருக்கவில்லை. அங்கே மாணவர் ஐந்நூறு பேராக இருந்தாலும் ஐவராக இருந்தாலும் நாம் பேசிக்கொண்டே இருப்போம், அவர்கள் எழுதிக்கொண்டே இருப்பார்கள். ரியூட்டரி அனுபவம் பாட அறிவுக்கும் குரலுக்கும் உதவும். ஆனால் நேர்முகத் தேர்வில் அதனை முன்னிறுத்துவது பெரிய பலன் தராது என்பதே எனது கணிப்பு. ஒரே அலகை ரியூட்டரியிலும் பாடசாலையிலும் படிப்பித்தவர்கள், இரண்டுக்கும் இடையே என்ன வேறுபாட்டைக் கண்டார்கள் என்பதைச் சொல்ல முடியுமானால் மட்டும் அது பயன்படும்.

தெரிவான பின்னர் தொடங்கும் கற்கையைப் பற்றி இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். கல்வி மெய்யியல், கல்வி உளவியல், கல்விச் சமூகவியல், கலைத்திட்டம், அளவீடும் மதிப்பீடும், வழிகாட்டலும் ஆலோசனையும், பாட முறையியல் என்று கற்கைநெறி விரிந்து செல்லும். பியாஜே, வைகொட்ஸ்கி, புளூம் ஆகிய உளவியலாளர்களின் பெயர்கள் எல்லா ஒப்படைகளிலும் வரும். கற்றல் நோக்கங்களை நினைவுகூரலில் தொடங்கிப் படிநிலைப்படுத்தும் புளூமின் வகைப்பாடு 1956இல் வெளிவந்தது, 2001இல் மீளமைக்கப்பட்டது என்பதை எழுதிப் புள்ளி பெறுவது எளிது. எனது வினாத்தாளில் எத்தனை வினாக்கள் நினைவுகூரலை மட்டும் கேட்கின்றன என்று எண்ணிப் பார்த்தபோதுதான் அந்த வகைப்பாடு எதற்கு என்பது எனக்கு விளங்கியது. சேவையில் இருந்துகொண்டு படிப்பதன் பெரும்பயன் இதுவே: சனிக்கிழமை கேட்டதைத் திங்கட்கிழமை வகுப்பில் சோதித்துப் பார்க்கலாம். மேலே சொன்ன சிறு கொப்பி இப்போது ஒப்படைகளுக்கும், ஆசிரியர் தமது வகுப்பின் சிக்கலைத் தாமே ஆராயும் செயல்நிலை ஆய்வுக்கும் மூலப்பொருளாக மாறும். செயல்நிலை ஆய்வுக்குத் தலைப்புக் கிடைக்காமல் சக மாணவர் அலைந்தபோது, அளவுத்திட்டத்தில் திணறிய பிள்ளைகளைப் பற்றிய குறிப்புகள் என்னிடம் ஏற்கெனவே இருந்தன.

கற்பித்தற் பயிற்சியைப் பற்றி ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மேற்பார்வைக்கு வரும் விரிவுரையாளர் தீவகத்துக்கு வருவதற்குப் பேருந்து நேரத்தைப் பார்த்தே வர வேண்டியிருக்கும். ஆகவே உங்கள் முறையியற் பாடத்தின் பாடவேளைகள் காலை முதலாம் பாடவேளையிலோ கடைசிப் பாடவேளையிலோ விழாமல், நாளின் நடுவில் அடுத்தடுத்து அமையுமாறு நேரசூசி தயாரிப்பவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பாடம் நாற்பது நிமிடம். செயற்பாட்டு முறையில் படிப்பிப்பதற்கு அது போதாது என்று எல்லோரும் முறையிடுவோம். இரட்டைப் பாடவேளை ஒன்றாவது கிடைத்தால் குழுவேலையைப் பதற்றமின்றிச் செய்யலாம். மேற்பார்வை நாளுக்கென்றே வண்ண மட்டைகளையும் புதுப் படங்களையும் சுவரெங்கும் ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகள் அன்று முழுவதும் படத்தையும் புதிதாக வந்திருக்கும் ஆளையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பாடம் நடக்காது.

இதை வாசிப்பவர்களில் நியமனம் இன்னும் கிடைக்காதவர்களும் இருப்பார்கள். சேவையில் உள்ளவர்களை மட்டும் சேர்க்கும் கற்கைநெறிகளுக்கு அவர்கள் காத்திருக்கவே வேண்டும். ஆனால் தனியார் பாடசாலைகளில் கற்பிப்போரையும், சேவையில் இல்லாத பட்டதாரிகளையும் ஏற்கின்ற வாய்ப்பு விளம்பரத்தில் உண்டா என்பதை ஒவ்வொரு ஆண்டும் பாருங்கள். தொண்டர் ஆசிரியர்களாக ஆண்டுக்கணக்கில் வடக்கின் பாடசாலைகளைத் தாங்கியவர்கள், தமது சேவையை அதிபரின் கடிதத்தாலும், முடிந்தால் வலயக் கல்விப் பணிமனையின் உறுதிப்படுத்தலாலும் ஆவணப்படுத்திவைக்க வேண்டும். வரவுப் பதிவேட்டில் ஒப்பமிடாத சேவையைப் பின்னர் எவராலும் நிரூபிக்க முடியாது. அவர்களுடைய உழைப்புக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது எனது கருத்து. அதற்காக ஆவணத்தை விட்டுவிட முடியாது.

எனது பாடசாலையில் அடுத்த ஆண்டின் நேரசூசியிலும் புவியியல் பாடவேளைகள் என்னிடமே இருந்தன. தரம் 10இல் புவியியலைத் தெரிவுப் பாடமாக எடுக்க விரும்பும் பிள்ளைகள் சிலர் பெயர் கொடுத்திருப்பதாக அதிபர் சொன்னார். வரலாற்றுக்கு இன்னும் ஆள் வரவில்லை. தரம் 11 வரலாற்றை நானே எடுக்கிறேன்.